கை போகிற இடத்தில் மெனு

“தம்பி, மேல இருந்த பட்டை காணோம்.” மலாக்காவில் பாச்சாங்கிலிருந்து ஜாசின் வரைக்கும், இந்தப் பக்கம் அலோர் காஜா வரைக்கும் எனக்கு வரும் அழைப்புகளில் அதிகம் வருவது இந்தப் புகார்தான். கணினி ஓடுகிறது, திரையில் படம் தெரிகிறது, எலி நகர்கிறது. ஆனால் மெனுவும் கடிகாரமும் திறந்த ஜன்னல்களின் வரிசையும் இருந்த பேனல் போய்விட்டது. பேனல் போனால், கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாமே போன மாதிரி.

விண்டோஸில் அது வழக்கமாகக் கீழே கிடக்கும். லினக்ஸில் அதை மேலே வைக்கலாம், பக்கவாட்டில் நிறுத்தலாம், இரண்டாக்கலாம், அடியோடு நீக்கலாம். இந்தச் சுதந்திரத்தை நான் மதிக்கிறேன். பழைய கணினிகளை வாங்கித் துடைத்து, லினக்ஸ் போட்டு, தமிழ்ப்பள்ளிக்கும் ஆலயத்துக்கும் சிறு கடைக்கும் கொடுக்கிற என் பிழைப்பே அதை நம்பித்தான் நடக்கிறது. ஆனால் பல பேர் கைபடும் கணினியில், ஒருவர் போட்ட ஒரு வலது கிளிக் மற்ற எல்லோருடைய வழியையும் அடைத்துவிடும். எந்தப் பேனலை யாருக்கு எவ்வளவு திறந்து வைப்பது என்பதைக் கற்றுக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் பெரும்பகுதி.

நான் இதற்குள் வந்தது லினக்ஸின் டெஸ்க்டாப் முகப்பான க்னோம் 2 நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலம். 2004-ல் அரசாங்க நிர்வாக நவீனமயப் பிரிவான மம்பு, பொதுத்துறைக்கான ஓபன் சோர்ஸ் பெருந்திட்டத்தை அறிவித்திருந்தது. அதனால் மலாக்கா டவுனில் வேலை பார்த்த கிராணிகள் சிலருக்கு ஓபன் ஆபீஸ் என்ற பெயராவது காதில் விழுந்திருந்தது. நான் முதலில் அதிகமாகப் போட்டுக் கொடுத்தது 2010 ஏப்ரலில் வந்த உபுண்டு 10.04 என்ற லினக்ஸ் பதிப்பு. மேலே ஒரு பேனல். அதன் இடது மூலையில் பயன்பாடுகள், இடங்கள், கணினி என்று மூன்று மெனு. கீழே இன்னொரு பேனல். அதில் திறந்திருக்கும் ஜன்னல்களின் பெயர்கள். இவ்வளவுதான். ஒரு தோட்டப் பள்ளியின் கணினி அறையில் இதைக் காட்டியபோது, அங்கிருந்த ஆசிரியை ஒருவர் அரைமணி நேரத்தில் தானே ஓட்ட ஆரம்பித்துவிட்டார். மெனு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் இருந்தது, அதில் இருந்தவற்றுக்குத் தமிழில் பெயர் இருந்தது, மூடித் திறந்தாலும் அதே இடத்தில் இருந்தது.

இந்த மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். நாட்டின் முதல் ரப்பர் தோட்டங்களில் சில 1890-களில் எழுந்த மாநிலம் இது; என் அம்மா ஆசஹான் பக்கத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் இருட்டில் கிளம்புவார். உளி, வாளி, சாக்கு, கொசுவர்த்தி எல்லாம் அவரவர் கூடையில் ஒரே ஒழுங்கில்தான் இருக்கும். விளக்கு அணைந்தாலும் கை தானாகப் போய் எடுக்கும். யாராவது அதை மாற்றி வைத்தால் அன்று முழுக்க வேலை தடுமாறும். கணினியும் அப்படித்தான். அதில் வேலை செய்பவர் ஐகானைப் படித்துப் பார்த்து அழுத்துவதில்லை. முதல் வாரம் படிப்பார், அதற்குப் பிறகு கை போகும். கை போகிற இடத்தில் பொருள் இல்லையென்றால் அவர் கணினியைக் குறை சொல்வதில்லை, தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார். “எனக்கு இதெல்லாம் ஏறாது தம்பி” என்று எழுந்துவிடுகிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஏறாதது எதுவும் இல்லை. யாரோ இடத்தை மாற்றியிருப்பார்கள்.

க்னோம் 2-ல் அந்த இடத்தை மாற்றுவது மிகச் சுலபமாக இருந்தது. பேனலில் வெற்றிடம் பார்த்து வலது கிளிக் செய்தால் வரும் மெனுவிலேயே ‘இந்தப் பேனலை நீக்கு’ என்று ஒரு வரி. பத்து வயதுப் பிள்ளைக்கு அதை அழுத்தாமல் இருப்பது சிரமம். சரிசெய்வது சில நிமிட வேலைதான்: பேனல் பற்றிய குறிப்புகளை, க்னோமின் அமைப்புகள் இருக்கும் ஜிகான்ஃப் சேமிப்பிலிருந்து அழித்துவிட்டு, பேனலை மறுபடி ஓடவிட்டால் தொழிற்சாலை அமைப்பு திரும்பி வரும். ஆனால் அந்தச் சில நிமிட வேலைக்கு நான் ஜாசின் தாண்டிப் போக வேண்டும். அதுவரை அந்தக் கணினி சும்மா கிடக்கும். பூட்டு என்ற ஒன்றைத் தேடிப் போனது அதனால்தான். ஜிகான்ஃபில் பேனலுக்கென்று ‘லாக்டு டவுன்’ என்ற சாவி இருந்தது. அதைக் கணினி முழுவதற்கும் கட்டாயமாக்கினால் வலது கிளிக் மெனுவிலிருந்து சேர்ப்பதும் நீக்குவதும் மறைந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பள்ளியிலிருந்து பேனல் காணோம் என்று அழைப்பு வரவில்லை.

2011 எல்லாவற்றையும் புரட்டியது. ஏப்ரல் மாதம் க்னோம் 3 வந்தது. அதே மாதக் கடைசியில் உபுண்டு 11.04 யூனிட்டி என்ற புதிய முகப்போடு வந்தது. இரண்டிலும் இயல்பாக வரும் முகப்பில் பழைய பேனல் இல்லை. யூனிட்டியில் ஒவ்வொரு நிரலின் மெனுவும் அந்தந்த ஜன்னலிலிருந்து பிடுங்கப்பட்டு, திரையின் உச்சியில் உள்ள ஒரே பட்டைக்குப் போனது. போனதோடு மறைந்தும் இருந்தது: எலியை மேலே கொண்டுபோனால்தான் கோப்பு, திருத்து, பார்வை என்ற சொற்கள் வெளியே வரும்.

திரை உச்சியில் மெனு வைப்பதற்கு நல்ல காரணம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. மெக்கின்டாஷ் 1984 முதல் அப்படித்தான் வைத்திருக்கிறது. பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-ல் கண்டு சொன்னதை வைத்து அதை விளக்குவார்கள்: போய்ச் சேர வேண்டிய இலக்கு பெரிதாகவும் அருகிலும் இருந்தால் கை விரைவாகச் சேரும். திரையின் விளிம்பில் எலி தானாக நின்றுவிடுவதால், விளிம்பில் இருக்கும் மெனு மெல்லியதாக இருந்தாலும் பெரிய இலக்குதான். குறிபார்க்காமல் மேலே தள்ளினால் போதும். அப்போது பரவிக்கொண்டிருந்த சிறிய நெட்புக்குகளின் திரை உயரம் 600 பிக்சல்தான். அதில் மெனுவுக்கென்று ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு வரியைச் செலவழிப்பது வீண். நெட்புக் வைத்திருந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் யூனிட்டியை அப்படியே வைத்துக் கொடுத்தேன். அவர்களுக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத மெனு, முதன்முதலாகக் கணினி பழகுகிறவருக்கு இல்லாத மெனு. பெரிய திரையில் கீழ் மூலையில் ஒரு சிறு ஜன்னல், அதன் மெனு எதிர்மூலையில் மறைந்து கிடக்கிறது என்றால், அந்த இரண்டுக்கும் உறவு உண்டு என்று எதைப் பார்த்துப் புரிந்துகொள்வார்? சில நிரல்கள் மெனுவை மேலே அனுப்பின, சில தங்கள் ஜன்னலிலேயே வைத்துக்கொண்டன. ஆகவே ஒரு விதியாகவும் சொல்லித்தர முடியவில்லை. பின்னால் உபுண்டு 14.04-ல் மெனுவை ஜன்னலின் தலைப்புப் பட்டைக்குள் கொண்டுவர ஒரு தேர்வு தந்தார்கள், 16.04-ல் எப்போதும் தெரியும்படி வைக்கவும் வழி வந்தது. இரண்டும் நல்ல மாற்றங்கள். அதற்குள் என் பள்ளிகளும் கடைகளும் வேறு பக்கம் போய்விட்டன.

போன இடம் இரண்டு. ஒன்று மாட்டே. க்னோம் 2-ஐக் கைவிட மனமில்லாமல் அர்ஜென்டினாக்காரர் ஒருவர் 2011-ல் அதன் மூலநிரலை எடுத்துத் தொடர்ந்தார். அந்த நாட்டு மக்கள் குடிக்கும் பானத்தின் பெயரையே அதற்கு வைத்தார். பழைய இரண்டு பேனலும் மூன்று மெனுவும் அப்படியே இருந்தன. தோட்டப் பள்ளியில் மாட்டே போட்ட அன்று யாரும் எதையும் கேட்கவில்லை. என் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. இன்னொன்று எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான முகப்பு. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்தபோது, பாச்சாங்கைச் சுற்றியுள்ள தாமான்களில் கடைக்குக் கடை ஒரு எக்ஸ்பி கணினி இருந்தது. பெரும்பாலானவற்றில் நினைவகம் ஒரு ஜிபிக்கும் குறைவு. அவற்றை எழுப்பி நடக்கவைத்தது எக்ஸ்எஃப்சிஇதான். அதன் பேனல் அமைப்பு எனக்கு மாட்டேயைவிடப் பிடிக்கும். உயரத்தைப் பிக்சலில் சொல்லலாம், நீளத்தை விழுக்காட்டில் சொல்லலாம், எந்தத் திரையில் நிற்க வேண்டும் என்றும் சொல்லலாம்.

எந்தத் திரை என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். வகுப்பறையில் அது சின்ன விஷயம் இல்லை. ஆசிரியர் மடிக்கணினியை புரொஜெக்டரில் மாட்டுகிறார். உடனே பேனல் சுவருக்குத் தாவிவிடுகிறது. எலியைச் சுவர்ப் படத்தில் ஓட்டி மெனுவைத் தேட வேண்டியிருக்கிறது, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். பேனல் அமைப்பில் ‘தானியங்கி’ என்றிருப்பதை ‘முதன்மைத் திரை’ என்று மாற்றி, மடிக்கணினியின் திரையை முதன்மை என்று குறித்துவிட்டால் பேனல் நகராது. பள்ளிக்குப் போகும் எந்தக் கணினியிலும் இதைச் செய்யாமல் நான் பெட்டியை மூடுவதில்லை.

இனி தமிழ். இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பேனல்களை வடிவமைக்கிறவர்கள் ஆங்கில எழுத்தின் உயரத்தை மனத்தில் வைத்தே வடிவமைக்கிறார்கள்.

24 பிக்சல் பேனலில் ஆங்கிலம் அழகாக உட்காரும். தமிழில் ‘கி’, ‘டீ’ போன்றவை மேலே எழும்பும். ‘கு’, ‘ழு’, ‘மூ’ போன்றவை கீழே இறங்கும். சிறிய பேனலில் இரண்டு பக்கமும் நறுக்கப்பட்டு, ‘கு’ எது ‘கூ’ எது என்று தெரியாமல் போகும். பழைய திரைகளில் எழுத்தின் கூர்மையும் குறைவு. நான் தமிழ் இடைமுகம் உள்ள கணினிக்கு 32 பிக்சலுக்குக் குறைவாகப் பேனல் வைப்பதில்லை. வயதானவர்கள் உட்காரும் இடமென்றால் 36. எழுத்துருவைக் கணினியின் விருப்பத்துக்கு விடாமல் லோகித் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் என்று நானே சொல்லிவிடுவேன். நோட்டோவின் வரி உயரம் அதிகம். அதற்குப் பேனலில் இன்னும் கொஞ்சம் இடம் விட வேண்டும்.

அகலமும் தொல்லைதான். ஆங்கிலத்தில் ஒரு சிறு சொல்லாக இருக்கும் மெனு தமிழில் இரண்டு மடங்கு நீளும். ஜன்னல் பட்டியலில் தலைப்புகள் பாதியில் வெட்டுப்பட்டு மூன்று புள்ளியாக முடியும். ஒரே கோப்புறையில் ‘ஐந்தாம் ஆண்டு தமிழ்மொழி’, ‘ஐந்தாம் ஆண்டு கணிதம்’ என்ற இரண்டு கோப்புகளைத் திறந்தால் பேனலில் இரண்டுமே ‘ஐந்தாம் ஆண்…’ என்றுதான் நிற்கும். ஆசிரியர்களிடம் பாடத்தின் பெயரை முதலில் எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்வேன். பேனலில் கடிகாரத்தின் முழுத் தேதியைச் சுருக்கி, மணியையும் நாளையும் மட்டும் விட்டு, மிச்ச இடத்தை ஜன்னல் பட்டியலுக்குக் கொடுப்பேன். ஒரே நிரலின் ஜன்னல்களை ஒன்றாக அடுக்கும் வசதியை அணைத்துவிடுவேன். அடுக்கினால் ஒன்றின் பின்னால் இன்னொன்று ஒளிந்துகொள்கிறது.

அடுத்தது பணம். லினக்ஸின் வட்டார அமைப்பில் தமிழ் என்று தேடினால் இந்தியா, இலங்கை என்று இரண்டு வரும், மலேசியா வராது. இந்தியத் தமிழைத் தேர்ந்தெடுத்தால் மெனுவெல்லாம் தமிழில் வரும், கூடவே கணக்குத்தாளில் ரூபாய்க் குறியும் வரும். ஒரு மளிகைக் கடைக்காரருக்கு நான் கணினி அமைத்தபோது அவர் முதலில் பார்த்தது அதைத்தான். “இது என்னா காசு? நமக்கு வெள்ளில்ல வேணும்?” என்றார். நியாயமான கேள்வி. லினக்ஸில் இதற்கு நேர்த்தியான விடை இருக்கிறது: மொழியை மட்டும் தமிழாக வைத்துக்கொண்டு, பணம், எண், தேதி முறைகளை மட்டும் மலாய்–மலேசியா அமைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் தனித்தனி மாறி. அப்போது மெனு தமிழில் இருக்கும், பணக் குறி ரிங்கிட்டாக இருக்கும், ஆயிரத்துக்கொரு காற்புள்ளி விழும். மலேசியத் தமிழர் வாழ்க்கையே அப்படித்தான் நடக்கிறது. கணினியும் அப்படி நடப்பதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு.

பிறகு விசைப்பலகை. இந்த நாட்டில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் பழகிய கைகள் அதிகம். ரோமன் எழுத்துகளின் ஒலியை வைத்துத் தட்டுவார்கள். இளைய ஆசிரியர்கள் சிலர் தமிழ்99 என்ற விசை அமைப்பைக் கேட்பார்கள். லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் வழியாக இரண்டுமே கிடைக்கும். ஆனால் இப்போது தட்டினால் தமிழ் வருமா ஆங்கிலம் வருமா என்பதைக் காட்டுவது பேனலின் ஓரத்தில் இருக்கும் ஒரு சிறு அடையாளம்தான். அது உட்கார்ந்திருப்பது அறிவிப்புப் பகுதி என்ற பெட்டிக்குள். பேனலைச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது அந்தப் பெட்டியை நீக்கிவிட்டால் வைஃபை அடையாளமும் ஒலி அடையாளமும் சேர்ந்து போகும். கடவுச்சொல் தட்டும்போது தமிழ் விழுந்து கணினி உள்ளே விடாது. காரணம் தெரியாமல் இதற்காகக் கணினியையே தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. தமிழ் தட்டும் கணினியில் அறிவிப்புப் பகுதியைத் தொடக்கூடாத பொருளாகவே நான் வைத்திருக்கிறேன்.

மெனுவைக் குறைப்பது இன்னொரு வேலை, எனக்குப் பிடித்த வேலையும்கூட. லினக்ஸ் மெனுவில் ஒவ்வொரு வரியின் பின்னாலும் ‘டெஸ்க்டாப்’ என்று முடியும் ஒரு சிறு எழுத்துக்கோப்பு இருக்கிறது. அதில் நிரலின் பெயர், படம், என்ன கட்டளை ஓட வேண்டும், எந்தப் பிரிவில் நிற்க வேண்டும் என்பவை எழுதியிருக்கும். பெயரைத் தமிழுக்கென்று தனி வரியில் எழுதலாம். ‘காட்டாதே’ என்று ஒரு வரி சேர்த்தால் நிரல் கணினியில் இருக்கும், மெனுவில் இருக்காது. கணினியின் பொதுக் கோப்புறையில் இருப்பதைத் திருத்தினால் அடுத்த புதுப்பிப்பில் திருத்தம் அழிந்துவிடும். அதனால் பயனரின் வீட்டுக் கோப்புறைக்குள் அதே பெயரில் ஒரு படியெடுத்துத் திருத்த வேண்டும், அதுதான் முந்தும்.

ஓர் ஆலய அலுவலகத்துக்கு இப்படி அமைத்தேன். மாசி மகத்துக்கு முந்திய வாரங்கள். செங் சன்னாசிமலைத் திருவிழாக் கூட்டம் மாநிலம் முழுக்க எல்லா ஆலயங்களையும் சுறுசுறுப்பாக்கிவிடும் நேரம். முகப்பில் உட்காருகிறவர் ஓய்வுபெற்ற கிராணி ஒருவர். அவர் எழுதும் முறையைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ரசீது எழுதுகிறார், நாள் கணக்கைச் சேர்க்கிறார், கடிதம் அடிக்கிறார், அச்செடுக்கிறார். ஐந்தாவதாக எதுவும் இல்லை. பேனலில் நான்கு பொத்தான்கள் வைத்தேன்: ‘அர்ச்சனை ரசீது’, ‘நாள் கணக்கு’, ‘கடிதம்’, ‘அச்சு வரிசை’. ரசீதுப் பொத்தான் வெற்றுத்தாளைத் திறக்காது. ஆலயத்தின் பெயரும் முகவரியும் அச்சிட்ட வார்ப்புருவிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிய தாளைத் திறக்கும். பழைய ரசீதின் மேல் எழுதிச் சேமித்துவிடும் ஆபத்து இல்லை. “ஐயா, இதுல எதைத் தொட்டாலும் கெட்டுப் போகாது” என்றேன். “அப்படின்னா என் மகன் வர்ற வரைக்கும் நான் காத்துக்கிட்டு இருக்க வேண்டியதில்ல” என்றார். முழு மெனுவை நான் அழிக்கவில்லை. வலது ஓரத்தில் சிறியதாக ஒதுக்கி வைத்தேன். வேண்டும்போது திறந்து பார்க்க அவருக்கு உரிமை இருக்க வேண்டும்.

இந்த உரிமைதான் பூட்டும்போது நான் அதிகம் யோசிப்பது. எக்ஸ்எஃப்சிஇயில் பேனலின் அமைப்பு பெரும்பாலும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கிறது. அதைக் கணினிப் பொதுக் கோப்புறையில் வைத்து, ‘லாக்டு’ என்ற பண்பைச் சேர்த்து, திறக்கும் அதிகாரத்தை நிர்வாகியான ரூட் பயனருக்கு மட்டும் கொடுத்தால் மற்ற யாரும் பேனலை அசைக்க முடியாது. மாட்டேயில் அதன் அமைப்புச் சேமிப்பான டிகான்ஃப் வழியாக இதே வேலையைச் செய்யலாம். பள்ளி ஆய்வகம், ஆலய முகப்பு, நூலகம் போன்ற பொதுக் கணினிகளை நான் தயங்காமல் பூட்டுகிறேன். ஒருவருக்கே சொந்தமான கணினியை ஒருபோதும் பூட்டுவதில்லை. பேனலை மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்து, படத்தை மாற்றி, நிறத்தை மாற்றித்தான் ஒரு பிள்ளை கணினியைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது. 2020-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது வீட்டிலிருந்து படித்த பிள்ளைகளுக்குப் பழைய மடிக்கணினிகள் தயார் செய்தபோது, பெற்றோர் சிலர் எல்லாவற்றையும் பூட்டித் தரச் சொன்னார்கள். பூட்டவில்லை. அதற்குப் பதிலாக நல்ல அமைப்பின் படி ஒன்றை எடுத்து வைத்து, அதைத் திரும்பக் கொண்டுவரும் பொத்தான் ஒன்றை மெனுவில் போட்டுக் கொடுத்தேன். எக்ஸ்எஃப்சிஇயில் பேனல் சுயவிவரங்கள் என்ற நிரல் இதற்கென்றே இருக்கிறது. அமைப்பைப் பெயரிட்டுச் சேமித்து, வேண்டியபோது மீட்கலாம். கோப்பைக் கையால் மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எக்ஸ்எஃப்சிஇயின் அமைப்புச் சேவை ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பை மாற்றினால், அது தன் நினைவில் இருப்பதையே திரும்ப எழுதிவிடும். முதலில் அந்தப் பயனரை வெளியேற்றிவிட்டு, பிறகு மாற்ற வேண்டும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவும் முடிந்தது. எக்ஸ்பி காலத்தைவிட இப்போது வரும் கணினிகள் நல்லவை. நான்கு ஜிபி, எட்டு ஜிபி நினைவகம் உள்ளவை. விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கப்பட்டவை. இவற்றில் கேடிஇ பிளாஸ்மா என்ற முகப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் பேனலைத் திருத்த முதலில் திருத்து நிலைக்குள் போக வேண்டும்; தவறுதலாக நீக்குவது குறைவு. திரை உச்சி மெனுவும் உண்டு, வேண்டுகிறவர்களுக்கு மட்டும். அமைப்புக் கோப்பில் ஒரு குறி இட்டால் குறிப்பிட்ட பகுதியை மாற்றமுடியாதபடி நிறுத்தவும் முடிகிறது. தமிழ் எழுத்தின் உயரத்துக்குப் பேனலை 40 பிக்சல் வரை ஏற்றி, மிதக்கும் பேனல் என்ற அலங்காரத்தை அணைத்தால் ஒழுங்காக உட்காருகிறது. அடுத்த பள்ளி விடுமுறையில் ஒரு கணினி அறை முழுவதையும் இதற்கு மாற்றக் கேட்டிருக்கிறார்கள். ஆசிரியர்கள் மாட்டேயில் பழகிய அதே மூன்று மெனுவை, அதே இடது மூலையில், அதே வரிசையில் பிளாஸ்மாவில் கட்டிப் பார்க்கிறேன். இரண்டு சரியாக வந்துவிட்டன. ‘இடங்கள்’ மெனு மட்டும் இன்னும் பாக்கி.